டெரெக்கின் ரிவால்வருக்கு நான் செய்த இரண்டு பிடிகள்

போன மாதம் நான் பட்டறைப் பக்கம் வந்தபோது, அங்கே வேலை பழகும் உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார், ஒரு பிடி கைக்குச் சரியாக அமைந்துவிட்டது என்பதை எப்படிக் கண்டுகொள்வது என்று. அன்றைக்கு ஏதோ சொல்லிச் சமாளித்தேன். முழங்கால் வலி. வீட்டுக்குப் போக இரண்டு ரயில் மாற வேண்டும். நின்று விளக்கத் தெம்பில்லை. உங்களில் மூன்று பேருக்குத் தமிழ் வாசிக்கத் தெரியும் என்று பிறகுதான் அறிந்தேன். அதனால் பதிலைத் தமிழில் எழுதுகிறேன். மற்றவர்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள்.

எந்த மரத்தை எடுப்பது, எந்த அரத்தை எங்கே போடுவது என்பதையெல்லாம் கற்றுத்தர உங்களுக்கு ஆட்கள் இருக்கிறார்கள். நான் எழுதுவது நான் விட்ட ஒரு பிழையைப் பற்றி. அதை நினைக்க இப்போதும் எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் உங்கள் கேள்விக்கு என்னிடம் இருக்கும் உண்மையான பதில் அது ஒன்றுதான்.

எண்பதுகளின் தொடக்கத்தில் நான் லண்டன் வந்தேன். ஊரில் கடைசல் இயந்திரத்தில் வேலை செய்தவன். தேம்ஸ் நதிக்குத் தெற்கே, ரயில் பாலத்தின் வளைவு ஒன்றுக்குள் இருந்த துப்பாக்கிப் பட்டறையில் கூட்டித் துடைக்கத்தான் முதலில் எடுத்தார்கள். என் கை மரத்தில் நன்றாகப் போகிறது என்று கண்டு, இரண்டு வருடத்துக்குள் முதலாளி என்னைப் பிடிகள் செய்ய விட்டார். அவர் பெயரைப் போட்டால் அவருக்குப் பிடிக்காது. முதலாளி என்றே எழுதுகிறேன். குறைவாகப் பேசுகிற, நிறையப் புகைக்கிற ஆங்கிலேயர்.

அந்தக் காலத்தில் பொலிஸ் அனுமதிப் பத்திரமும் ஒரு கிளப்பில் அங்கத்துவமும் இருந்தால் கைத்துப்பாக்கி வைத்திருக்கலாம். எங்களிடம் வந்தவர்களில் பாதிப்பேர் அமெரிக்கக் கௌபாய் படங்களில் வரும் பாணி ரிவால்வர்களைப் பிடித்தவர்கள். அந்த வகையில் ஒவ்வொரு வெடிக்கும் முன்னால் பின்பக்கத்துச் சுத்தியலைப் பெருவிரலால் இழுத்து நிறுத்த வேண்டும். பிறகு டிரிகர் செய்கிற வேலை அந்தச் சுத்தியலை விடுவிப்பது மட்டும்தான். அதனால் அந்தத் துப்பாக்கிக்குப் பிடிதான் எல்லாம். பெருவிரல் சுத்தியலை எட்டுகிறதா இல்லையா என்பதைப் பிடிதான் தீர்மானிக்கிறது.

நான் குடியிருந்த டூட்டிங்கில் எங்கள் ஆட்கள் யாராவது என்ன வேலை என்று கேட்டால், மரவேலை என்று மட்டும் சொல்வேன். ஊரில் சண்டை மூண்டிருந்த நேரம். லண்டனில் ஒரு தமிழன் துவக்கு, துப்பாக்கி என்று வேலை செய்கிறான் என்று தெரிந்தால் சிலர் விலகிப் போவார்கள், சிலர் வேண்டாத காரணத்துக்காக நெருங்கி வருவார்கள். என் அகதி வழக்கும் அப்போது முடிந்திருக்கவில்லை. பொலிஸ் என்னை விசாரித்து, பட்டறையில் வேலை செய்யலாம் என்று சொல்லியிருந்தது. அந்தப் பேர் கெடாமல் இருக்க வேண்டும் என்பதில் கவனமாக இருந்தேன்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். பட்டறைக்கு வந்து ஐந்து வருடமாகியும் நான் ஒரு தடவைகூடச் சுட்டதில்லை. ஊரில் கேட்ட சத்தங்கள் எனக்குப் போதும் என்று இருந்தது. முதலாளி கேட்கும்போதெல்லாம் ஏதாவது சாட்டுச் சொல்லித் தப்பினேன். கையின் அளவை எடுத்தால் பிடி செய்யலாம், அதற்குச் சுட வேண்டிய தேவையில்லை என்று நானே நம்பியிருந்தேன்.

டெரெக் விம்பிள்டனில் இறைச்சிக்கடை வைத்திருந்தவர். ஐம்பது வயதுக்காரர். கிளப் போட்டிகளில் எப்போதும் முதல் மூன்று இடங்களுக்குள் வருபவர். கடையில் எலும்பு வெட்டும் இயந்திரத்தில் வலது கையின் கடைசி இரண்டு விரல்களும் நடுக்கணுவோடு போய்விட்டன. காயம் ஆறி எட்டு மாதத்துக்குப் பிறகு, தன் ரிவால்வரை ஒரு துணியில் சுற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார். நடுவிரல் ஒன்றுதான் பிடியைச் சுற்றி நின்றது. துப்பாக்கியின் பாரத்தில் கை முன்னால் சரிந்தது.

இந்தக் கைக்கு ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்டார். முடியும் என்றேன். கொஞ்சமும் யோசிக்கவில்லை.

அவருடைய கையை மெழுகில் பதிந்து எடுத்தேன். வால்நட் மரத்தில் தடித்த பிடி ஒன்று செய்தேன். உள்ளங்கைக்கு ஒரு புடைப்பு, நடுவிரலுக்கு ஆழமான பள்ளம், வெட்டுண்ட இரண்டு விரல்களும் சாய்ந்திருக்க ஒரு மேடு. வழுக்கக் கூடாது என்று பக்கங்கள் முழுவதும் நெருக்கமாகக் குறுக்குக் கோடுகள் வெட்டினேன். மூன்று வாரம் எடுத்தது. நான் அதுவரை செய்த வேலைகளில் அழகானது அதுதான். அவர் கையில் வைத்தபோது துப்பாக்கி அசையாமல் நின்றது. டெரெக்கின் கண் கலங்கிவிட்டது.

அப்போது அவர் இன்னுமொன்று கேட்டார். மற்ற விரல்களின் பலம் போனபிறகு சுட்டுவிரலும் முன்னைப்போல இழுபடுகிறதில்லை, டிரிகரைக் கொஞ்சம் இலகுவாக்கித் தர ஏலுமா என்று. முதலாளி அந்த வாரம் வெளியூர்க் கண்காட்சி ஒன்றுக்குப் போயிருந்தார். டிரிகர் எவ்வளவு இலகுவாகலாம் என்பதற்கு அவர் ஒரு எல்லை வைத்திருந்தார். அதற்குக் கீழே யார் கேட்டாலும் போவதில்லை. அந்த எல்லை வரைக்கும் கொண்டுவந்தேன். டெரெக் குண்டில்லாத துப்பாக்கியில் இழுத்துப் பார்த்தார். இன்னும் கொஞ்சம் என்றார். அந்தக் கையைப் பார்த்தேன். எனக்கு மறுக்க மனம் வரவில்லை. எல்லையைத் தாண்டினேன்.

அதைவிட மோசமானது, வேலைச் சீட்டில் ‘பிடி’ என்று மட்டும் எழுதியது. டிரிகரைத் தொட்டதை எழுதவில்லை. மறதியல்ல. முதலாளி பார்ப்பார் என்று தெரிந்துதான் விட்டேன்.

அந்த வாரமே வியாழக்கிழமை மத்தியானம் டெரெக் பட்டறைக்குத் தொலைபேசி எடுத்தார். முந்தின நாள் கிளப்பில் சுட்டிருக்கிறார். முதல் இரண்டு குண்டும் இலக்கில்தான் பட்டிருக்கின்றன. மூன்றாவதுக்குச் சுத்தியலைப் பெருவிரல் எட்டவில்லை. கையைத் திருப்பி எட்டி இழுத்திருக்கிறார். சுத்தியல் நின்றுவிட்டது, ஆனால் திருப்பின கையில் பிடி நழுவியிருக்கிறது. விழாமல் இறுக்கிப் பிடித்தபோது சுட்டுவிரல் டிரிகரில் பட, துப்பாக்கி நிலத்தைப் பார்த்து வெடித்துவிட்டது. தெறித்த சிமெந்துத் துண்டு, பக்கத்தில் நின்று சுடுவதைக் கண்காணித்த பெண்ணின் கணுக்காலைக் கிழித்திருக்கிறது. ஆறு தையல். குண்டு ஒரு அடி அவர் பக்கம் போயிருந்தால் தையலோடு முடிந்திருக்காது.

டெரெக் அழவோ ஏசவோ இல்லை. தன் பெருவிரல் சறுக்கிவிட்டது என்று கிளப்பில் சொல்லிவிட்டதாகவும், டிரிகரைப் பற்றி வாய் திறக்கவில்லை என்றும் சொன்னார். “நான்தானே உன்னைக் கேட்டேன்” என்றார். துப்பாக்கியைக் கிளப் பூட்டி வைத்திருக்கிறது. அடுத்த புதன்கிழமை அதன் நிர்வாகக் குழு கூடுகிறது. அவரால் இனிப் பாதுகாப்பாகச் சுட முடியாது என்று முடிவெடுத்தால் பொலிசுக்கு அறிவிப்பார்கள், பத்திரம் போய்விடும். அதோடு அவருக்குச் சுடுவது முடிந்தது.

அன்று வீட்டுக்குப் போய் என் மனைவி ஜெசிந்தாவிடம் நடந்ததைச் சொன்னேன். அவள் முதியோர் இல்லத்தில் ஷிப்ட் முடிந்து வந்து, சீருடையோடு வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தாள். கடைசி வரைக்கும் கேட்டுவிட்டுத்தான் பேசினாள்.

“அந்த மனுசன் தன்ர பிழை எண்டு சொல்லிப்போட்டுது. நீங்கள் ஏன் போய் வாயைக் குடுக்கிறியள்?”

“அந்தாளின்ர பிழை இல்லை, ஜெசி.”

“பொலிஸ் பேப்பரில உங்கட பேர் வந்தால்? துவக்கு, தமிழன், பிழையான வேலை. உங்கட கேஸைப் பாக்கிற ஹோம் ஒஃபிசில இருக்கிறவன் அதை எப்பிடி வாசிப்பான் எண்டு யோசிச்சியளே? ரெண்டு பிள்ளையளையும் கூட்டிக்கொண்டு எங்க போறது?”

அவள் சொன்னதில் ஒன்றும் பொய்யில்லை. வெள்ளிக்கிழமை முதலாளி கண்காட்சியிலிருந்து திரும்பி வந்தார். நான் பேசாமல் இருந்தேன். சனிக்கிழமை அரைநாள் வேலை. அன்றும் பேசவில்லை. அந்த இரண்டு நாளும் டெரெக்கின் வேலைச் சீட்டு முதலாளியின் மேசையில் மற்றச் சீட்டுகளோடு கிடந்தது. அவர் தேநீர்க் குவளையை அதன்மேல் வைத்து வைத்து எடுத்தார். அந்த நாட்களில் நான் செய்த வேலை எதுவும் உருப்படவில்லை. இரண்டு துண்டு மரத்தைப் பழுதாக்கினேன்.

திங்கட்கிழமை காலை, அவர் மேலங்கியைக் கழற்றி மாட்டுவதற்கு முன்னால் போய்ச் சொன்னேன். ஒரு பெரிய நல்ல மனம் வந்து சொன்னேன் என்று நினைக்க வேண்டாம். குழு டிரிகரின் இழுப்பை அளந்து பார்த்தால் எப்படியும் தெரிந்துவிடும், பிறகு சொன்னால் இன்னும் மோசம் என்ற கணக்கும் அதில் இருந்தது. இரண்டும் கலந்துதான் இருந்தது.

முதலாளி முதலில் கேட்டது ஒன்றே ஒன்று: எவ்வளவுக்கு இறக்கினாய்? சொன்னேன். சிகரெட்டை அணைத்தார். பிறகு, தான் இன்னும் கழற்றாத மேலங்கியைச் சுட்டிக்காட்டி, “உன்னுடையதையும் போடு” என்றார்.

கிளப் செயலாளரின் வீட்டுக்குப் போனோம். புதன்கிழமை குழுவுக்கு முன்னாலும் நின்றோம். காலில் தையல் போட்டிருந்த அந்தப் பெண்ணும் ஒரு தடியோடு வந்திருந்தார். எண்ணெய் மணக்கும் அந்த அறையில் எட்டுப் பேருக்கு முன்னால் நான் செய்ததைச் சொன்னேன். ஆங்கிலம் தடுமாறியது. டெரெக் நிலத்தைப் பார்த்தபடி இருந்தார். முதலாளி எழுந்து, “சீட்டு என் பட்டறையின் சீட்டு, ஆகவே பிழையும் என் பட்டறையுடையது” என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். அந்தப் பெண் என்னைப் பார்த்து, “நீ அந்தத் துப்பாக்கியைச் சுட்டுப் பார்த்தாயா?” என்று கேட்டார். இல்லை என்றேன். “எந்தத் துப்பாக்கியையாவது?” இல்லை என்றேன். இன்றைக்கும் என் காதில் இருப்பது அந்த இரண்டாவது கேள்விதான்.

குழு முடிவைத் தள்ளிவைத்தது. டிரிகரைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, பிடியையும் சரிசெய்து, டெரெக் தங்கள் முன்னால் சுட்டுக்காட்ட வேண்டும் என்றார்கள். பொலிசுக்கு ஒரு கடிதம் போனது. அதில் என் பெயரும் இருந்தது. ஜெசிந்தா என்னோடு ஒரு கிழமை கதைக்கவில்லை. அதற்குப் பிறகும் இதைப்பற்றிக் கதைக்கவில்லை.

முதலாளி டிரிகர் வேலைக்கான கருவிகளை என் மேசையிலிருந்து எடுத்துப் பூட்டினார். இரண்டு வருடத்துக்குத் திரும்பித் தரவில்லை. டிரிகருக்குப் புதிய பாகங்களை அவரே போட்டார். பிறகு கிளப்பிடம் அனுமதி கேட்டு, ஒரு ஞாயிறு காலை என்னைச் சுடும் கூடத்துக்குக் கூட்டிப்போனார். என் வலது கையின் கடைசி இரண்டு விரல்களையும் மடக்கி பிளாஸ்டரால் ஒட்டினார். டெரெக்கின் ரிவால்வரை, என் அழகான பிடியோடு, கையில் தந்தார்.

“ஐந்து குண்டு. ஒவ்வொன்றாக” என்றார்.

முதல் குண்டுக்குப் பிறகு நான் துப்பாக்கியை மேசையில் வைத்துவிட்டேன். அந்தச் சத்தம் என்னை எங்கே கொண்டுபோனது என்று உங்களுக்கு எழுதப் போவதில்லை. முதலாளி அவசரப்படுத்தவில்லை. பக்கத்தில் நின்றார். ஒரு சிகரெட் முடியும் அளவுக்கு நேரம் போனது. பிறகு நான் மறுபடி எடுத்தேன்.

இரண்டாவது குண்டில் விளங்கிவிட்டது. அந்தப் பாணி ரிவால்வர் வெடிக்கும்போது பின்னால் உதைத்து, கைக்குள் மேல்நோக்கி உருள வேண்டும். அப்படி உருண்டால்தான் சுத்தியல் பெருவிரலுக்குக் கீழே தானாக வந்து நிற்கும். நான் என்ன செய்திருந்தேன்? பள்ளமும் மேடும் குறுக்குக் கோடும் வைத்து, அதை அசையவிடாமல் கட்டிப்போட்டிருந்தேன். சுடாத கையில் அது அற்புதமாக நின்றது. சுடுகிற கையில் அது ஒரு பொறி. என் பெருவிரல் சுத்தியலைத் தேடி எட்டியபோது பிடி நழுவியது, டெரெக்குக்கு நடந்தபடியே. அன்று நாற்பது குண்டு சுட்டேன். உள்ளங்கையில் அந்தக் கோடுகள் தோலை உரித்துவிட்டன.

இரண்டாவது பிடியை டெரெக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கூடத்துக்கும் பட்டறைக்கும் ஆறு தடவை அலைந்து செய்தேன். மெல்லிய பிடி. கோடுகள் இல்லை, பள்ளம் இல்லை, வெறும் மழமழப்பு. அடிப்பக்கம் மட்டும் கொஞ்சம் விரிந்து உள்ளங்கையின் விளிம்பில் தங்கும். வலது பெருவிரலை நம்புவதை விட்டுவிட்டோம். இரண்டு கையாலும் பிடித்து, இடது பெருவிரலால் சுத்தியலை இழுக்கப் பழகினார். அதற்காக இடது பக்கத்து மேல்பகுதியைச் சீவி எடுத்தேன். பார்க்க அவலட்சணமாக இருந்தது. எலி கொறித்த சவர்க்காரக் கட்டி மாதிரி.

அந்தப் பிடியோடு டெரெக் குழுவின் முன்னால் முப்பது குண்டு சுட்டார். கணுக்காலில் தழும்போடு அந்தப் பெண்தான் பக்கத்தில் நின்று கண்காணித்தார். சரி என்று அவர் தலையை அசைத்தார். டெரெக்குக்குத் துப்பாக்கியைத் திருப்பிக் கொடுத்தார்கள். பழைய மாதிரி வெல்லவில்லை. கடைசிக்கு முன் இடம், சிலவேளை நடு இடம். பத்து வருடத்துக்கு மேல் அந்தப் பிடியோடு சுட்டார்.

என் அகதி வழக்கு விசாரணைக்கு வந்தபோது, அந்தப் பொலிஸ் கடிதத்தின் பிரதி அதிகாரியின் கோப்பில் இருந்தது. நீயாகவே போய்ச் சொன்னாயா என்று கேட்டார். ஓம் என்றேன். ஏதோ எழுதிக்கொண்டார். வதிவிட அனுமதி கிடைக்க அதற்குப் பிறகும் ஒன்றரை வருடம் எடுத்தது. அந்தக் கடிதம் உதவியதா, தாமதமாக்கியதா என்று எனக்குத் தெரியாது. உண்மை சொன்னால் பலன் கிடைக்கும் என்று உங்களுக்குச் சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை. சொல்லாமல் இருந்த இரண்டு நாளும் என் கை வேலைக்கு உதவவில்லை என்பது மட்டும் தெரியும்.

ஆகவே உங்கள் கேள்விக்கு வருகிறேன். கையில் வைத்தவுடன் அழகாக நிற்கிற பிடியை நம்பாதீர்கள். வேலை செய்கிற கையில் அது என்ன செய்கிறது என்று பாருங்கள். ஒருவருக்காக இரக்கப்படுங்கள், அதில் பிழையில்லை. ஆனால் அளவை இரக்கத்திடம் கேட்காதீர்கள். செய்ததைச் சீட்டில் எழுதுங்கள்.

தொண்ணூறுகளின் பிற்பகுதியில் சட்டம் மாறி, கைத்துப்பாக்கிகள் எல்லாவற்றையும் பொலிசிடம் ஒப்படைக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் ஒன்றில் ஒருவன் கைத்துப்பாக்கிகளால் சிறு பிள்ளைகளைச் சுட்டுக் கொன்ற பிறகு வந்த சட்டம் அது. பிள்ளைகளைப் பறிகொடுத்த பெற்றோரை நினைத்தால், என் மரத்துண்டுகளைப் பற்றிப் பேச எனக்கு வாய் வரவில்லை. டெரெக்குக்கும் அப்படித்தான். கிளப்பில் பலர் கோபப்பட்டார்கள். அவர் கோபப்படவில்லை. தன்னோடு கூட வரமுடியுமா என்று மட்டும் கேட்டார்.

பொலிஸ் நிலையத்தின் பின்பக்க மண்டபத்தில் ஆளுக்கொரு இலக்கத் துண்டு தந்தார்கள். பிளாஸ்டிக் கதிரைகளில் ஆண்களும் சில பெண்களும் பெட்டிகளை மடியில் வைத்தபடி இருந்தார்கள். பல் வைத்தியரிடம் வந்தவர்கள் போல யாரும் யாரையும் பார்க்கவில்லை. டெரெக் கறுப்புப் பெட்டியைத் திறந்து, கடைசித் தடவையாக ரிவால்வரை ஒரு துணியால் துடைத்தார். அந்த அவலட்சணமான பிடியில் அவருடைய கை பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

“உன்னிடம் ஒன்று சொல்ல வேண்டும்” என்றார். “அந்த முதல் பிடியை வாங்கின நாள், உன் பட்டறையில் டிரிகரைக் கடைசியாக இழுத்துப் பார்த்தபோதே எனக்குத் தெரியும், அது அளவுக்கு மிஞ்சி இலகு என்று. இருபது வருடம் சுட்டவன் நான். பிடி உருளாது என்றுகூட ஒரு சந்தேகம் வந்தது.”

“அப்போது ஏன் சொல்லவில்லை?”

அவர் பெட்டியை மூடினார்.

“நீ அவ்வளவு சந்தோஷமாக நின்றாய். உன்னைப் பார்க்கப் பாவமாக இருந்தது.”

எங்கள் இலக்கத்தைக் கூப்பிட்டார்கள். இரண்டு பேரும் எழுந்து போனோம்.